ஆல்பம் பிறந்த அறையையும் கருவியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தை நீண்ட காலமாக வாசித்து வருபவன் நான். அதில் வெளியாகும் ராக் ஆல்பம் அறிமுகங்களையும் மதிப்புரைகளையும் பற்றி ஒரு குறையையும், அதையொட்டி ஒரு வேண்டுகோளையும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். பாடல் வரிகளின் பொருள், பாடகரின் வாழ்க்கை, குழுவுக்குள் எழுந்த பிணக்குகள் ஆகியவற்றை அக்கட்டுரைகள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் நம் காதில் விழுகிற அந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து புறப்பட்டு, எந்த அறைச் சுவரில் மோதி, எந்த மைக்கின் வழியாக எந்த இயந்திரத்தில் பதிந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. 'கிதார் அலறுகிறது' என்றும் 'டிரம்ஸ் இடியாய் முழங்குகிறது' என்றும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த டிரம்ஸ் மட்டும் ஏன் அப்படி முழங்குகிறது, வேறொரு ஆல்பத்தில் ஏன் அப்படி முழங்கவில்லை என்று கேட்கும் வாசகருக்கு விடை கிடைப்பதில்லை. சில ஆண்டுகள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் ஸ்டாண்டுகளை நகர்த்தியும் கேபிள்களைச் சுருட்டியும் உதவியாளனாக வேலை செய்தவன் என்பதால், இந்தக் கேள்வியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இரண்டு ஆல்பங்களை எடுத்துக்கொண்டு நான் சொல்ல வருவதை விளக்குகிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு லாரிக்குள் முழுமையான ஒலிப்பதிவு அறையை அமைத்து வைத்திருந்தார்கள். மற்றக் குழுக்களும் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது. 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த லாரி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டின் முன் நின்றது. உள்ளே லெட் செப்பலின் குழு தன் 4-ஆவது ஆல்பத்துக்காக வாசித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதே லாரி சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரில் நின்றது. அங்கே டீப் பர்ப்பிள் குழு 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. லாரி ஒன்று, ஆண்டும் ஒன்று. ஆனால் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு டிரம்ஸ் ஒலிகளுக்கும் உறவே இல்லை என்பதை யாரும் உணரலாம்.

காரணம், வாசித்த கைகளுக்கு அடுத்தபடியாக, வாசிக்கப்பட்ட இடம். ஹெட்லி கிரேஞ்சின் முன்கூடத்தில், உயர்ந்து செல்லும் மாடிப்படிகளின் அடியில் ஜான் பானமின் டிரம்ஸ் வைக்கப்பட்டது. ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ், மெல்லிய உலோக நாடாவின் அதிர்வால் ஒலியைப் பிடிக்கும் பேயர்டைனமிக் எம்160 என்ற ரிப்பன் மைக்குகள் இரண்டைப் படிக்கட்டின் மேலிருந்து தொங்கவிட்டார். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக் என்ற வழக்கத்தை அவர் அங்கே பின்பற்றவில்லை. ஆகவே மைக்குகளை எட்டியது தோலின் அடி மட்டுமன்று, படிக்கட்டின் சுவர்களில் ஏறி எதிரொலித்த காற்றும்தான். அதன்மேல், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸரால் அழுத்தமும், பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவியால் நிழலடியும் சேர்ந்தன. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் முதல் அடியிலேயே கேட்கும் அந்தப் பேரொலி இப்படித்தான் பிறந்தது.

மான்ட்ரூவில் நடந்ததோ வேறு. குழுவினர் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்த கேசினோ, அவர்கள் வந்திருந்த சமயத்தில் நடந்த ஒரு கச்சேரியின்போது தீப்பிடித்து எரிந்து போனது. கடைசியில், குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் கருவிகளைப் போட்டு, எதிரொலியை அடக்கப் படுக்கை மெத்தைகளைச் சுற்றி நிறுத்தி, ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க லாரிக்குப் போகவேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்ததால், ஒரு கட்டத்துக்குப் பிறகு போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்களாம். மெத்தைகள் எதிரொலியை விழுங்கியதால் அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு கருவியும் கைக்கெட்டும் தூரத்தில், ஈரமின்றி, கூர்மையாக ஒலிக்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்குழுவின் ஜான் லார்ட், ஹாமண்ட் ஆர்கன் என்ற தம் விசைப்பலகைக் கருவியை, கிதாருக்கென்று செய்யப்பட்ட மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக வாசித்தார். அதில் கிதார் என்று நாம் நினைத்துக் கேட்பதில் ஒரு பங்கு ஆர்கன். இதை அறிந்தபின் அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டபோது, பலமுறை கேட்டுப் பழகிய இடங்களிலேயே இதுவரை என் காதுக்குப் புலப்படாத ஒரு கருவியைக் கண்டுகொண்டேன். மதிப்புரை ஒன்று எனக்கு அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

கிதாரைப் பற்றி எழுதுவோர் கிதாரோடு நின்றுவிடுவது இன்னொரு குறை. மின்கிதாரின் ஒலி கம்பியில் தொடங்கினாலும் அங்கே முடிவதில்லை. கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப்பில் ஒரே ஒரு கம்பிச்சுருள் இருந்தால் ஒலி தெளிவாகவும் சற்றுக் கீச்சென்றும் வரும். கூடவே மின்சாரக் கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முரலும் வரும். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பவை இவ்வகையானவை. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த முரலை ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் வழியைக் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கினார். அந்த ஹம்பக்கர் பிக்கப்புகள் 1957-இல் லெஸ் பால் கிதாரில் பொருத்தப்பட்டபோது, முரல் நீங்கியதோடு ஒலியும் தடித்து, ஆம்ப்ளிஃபையரை எளிதில் திணறவைக்கும் வலிமை பெற்றது. அந்தத் திணறல்தான் ராக் இசையின் உயிர். ஆம்ப்ளிஃபையருக்குள் ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாயான வால்வு ஒன்று தன் எல்லைக்கு மேல் வேலை வாங்கப்படும்போது மின் அலையின் முகடுகள் தட்டையாகின்றன. மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. லண்டனில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டும் இசைக்கருவிக் கடை நடத்திக்கொண்டும் இருந்த ஜிம் மார்ஷல், 1960-களின் தொடக்கத்தில், பேஸ் கிதாருக்கென ஃபெண்டர் செய்திருந்த பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரின் மின்சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு தம் ஊழியர்களோடு தமது முதல் ஆம்ப்ளிஃபையரை உருவாக்கினார். வால்வுகளும் ஒலிபெருக்கிகளும் மாறின, பின்புறம் மூடிய பெட்டி வந்தது. ஒலியின் குணமே மாறிவிட்டது.

இந்த 12 அங்குல ஒலிபெருக்கிகளையும் மறந்துவிடக் கூடாது. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அவை பெரும்பாலும் வெளியிடுவதில்லை. திணறிய ஒலியின் கரகரப்பைச் சல்லடைபோல் வடிகட்டுவது அவைதான்; ஒலிபெருக்கியைத் தவிர்த்துவிட்டு அதே ஒலியை நேராகப் பதிவு செய்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்கும். அதன் முன்னே வைக்கும் மைக்கை ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவிலிருந்து ஓர் அங்குலம் ஓரமாக நகர்த்தினால் கூர்மை குறைந்து ஒலி இருண்டுவிடும். நான் வேலை பார்த்த கூடத்தில் அந்த ஓர் அங்குலத்துக்காக ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டிருக்கிறோம். அது வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குயின் குழுவின் பிரையன் மே, பழைய கணப்படுப்பின் மகாகனி மரத்தைக் கொண்டு தம் தந்தையோடு சேர்ந்து தாமே செய்த கிதாரை, ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டி, வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையரில் ஒலிக்கவிட்டார். இம்மூன்றில் ஒன்றை மாற்றினாலும் அது அவருடைய ஒலியாக இராது.

பதிவு இயந்திரத்தின் எல்லைகள்கூட ஆல்பத்தின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கின்றன. 1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை லண்டன் அபே சாலையில் உள்ள ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் கூடத்தில் பீட்டில்ஸ் குழு 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, அவர்கள் கையில் இருந்தது ஓர் அங்குல அகல நாடாவில் 4 டிராக்குகளை, அதாவது தனித்தனி ஒலித்தடங்களை, மட்டுமே பதியும் ஸ்டூடர் ஜே37 இயந்திரம். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஓரிரு டிராக்குகளில் இறக்கி, மிஞ்சிய டிராக்குகளில் அடுத்த கருவிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும். அதைவிட முக்கியமாக, டிரம்ஸ் எவ்வளவு, கிதார் எவ்வளவு என்று அந்த நிமிடத்தில் எடுத்த முடிவைப் பிறகு மாற்ற வழியில்லை. அதன் இறுதிப் பாட்டுக்காக 40 பேர் கொண்ட வாத்தியக் குழு வந்தபோது நான்கு டிராக்குகள் போதவில்லை. கென் டவுன்செண்ட் என்ற தொழில்நுட்பப் பணியாளர் ஓர் இயந்திரத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து, அதைக் கொண்டு இன்னொரு இயந்திரத்தின் மோட்டாரை ஓட்டி, இரண்டையும் சேர்ந்து இயங்கச் செய்தார். அதே கூடத்தில் அதற்கு முந்தைய ஆண்டு, 20 வயதே ஆகியிருந்த ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக், பேஸ் டிரம்முக்கு அருகே மைக்கைக் கொண்டுபோகக் கூடாது என்ற நிறுவன விதியை மீறி, டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கைக் கிட்டத்தில் வைத்தார். இன்று உலகெங்கும் பேஸ் டிரம்முக்குள் தலையணையும் போர்வையும் வைத்துப் பதிவு செய்வோருக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

பதிவுக்கென்றே வைக்கப்படாத ஒரு மைக் ஒரு காலகட்டத்தின் டிரம்ஸ் ஒலியையே மாற்றியதும் உண்டு. லண்டனின் டவுன்ஹவுஸ் கூடத்தில், 1980-இல் வெளிவந்த பீட்டர் கேப்ரியலின் ஆல்பம் பதிவானபோது, உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவதைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்பதற்காக மட்டும் மேலே ஒரு மைக் தொங்கியது. தூரத்தில் மெதுவாகப் பேசினாலும் கேட்கவேண்டும் என்பதற்காக அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் இணைக்கப்பட்டிருந்தது. பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கையில் அந்த மைக் தற்செயலாகத் திறந்திருக்க, அறையே வெடிப்பது போன்ற ஒலி வந்தது. ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம் அதைப் பதிவு செய்யும்படி இணைப்பை மாற்றி அமைத்து, ஒலிகளைக் கலக்கும் மேசையான கன்சோலில், ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதை அடைத்துவிடும் கேட் என்ற பகுதியால் எதிரொலியின் வாலைச் சட்டென்று வெட்டினார். 1980-களின் பாட்டுகளில் பாதி அந்த ஒலியைத் துரத்தியவைதான்.

இவையெல்லாம் பழங்கதை, இன்று எல்லாம் கணினியில்தானே நடக்கிறது என்று சிலர் கருதலாம். கணினித் திரையில் இன்றைய இளைஞர்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள்களைப் பாருங்கள்: 1967-இல் வந்த 1176 கம்ப்ரஸர், பழைய நீவ் கன்சோல், ஈஎம்டி 140 எதிரொலித் தகடு என்று பெரும்பாலானவை இந்தப் பழைய கருவிகளின் நகல்களே. ஈஎம்டி 140 என்பது 250 கிலோவுக்கும் மேல் எடையுள்ள பெட்டிக்குள் தொங்கும் ஓர் எஃகுத் தகடு. அது அதிரும் விதமே ரிவெர்ப் எனப்படும் எதிரொலியாக நமக்குக் கேட்கிறது. தாம் சொடுக்கும் பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு தகடு இருந்தது என்பதை அறிந்தவர், அதை எங்கே பயன்படுத்தவேண்டும், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் கூடுதலாக அறிவார். இசைத்தட்டின் உறையிலாவது ஒலிப்பொறியாளரின் பெயரும் கூடத்தின் பெயரும் அச்சாகி இருந்தன. இன்று கைப்பேசியில் பாட்டைத் தட்டிக் கேட்பவருக்கு அந்த உறையும் கையில் இல்லை. அந்த இடத்தை நிரப்ப நாளிதழை விடப் பொருத்தமானது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வோர் ஆல்பம் மதிப்புரையின் கீழும் நான்கைந்து வரிகள் ஒதுக்குங்கள். எங்கே பதிவானது, ஒலிப்பொறியாளர் யார், முதன்மையான கருவிகளும் ஆம்ப்ளிஃபையர்களும் எவை, நாடாவிலா கணினியிலா என்பதை உறுதியாகத் தெரிந்த அளவுக்கு அச்சிடுங்கள், உறுதியில்லாததை விட்டுவிடுங்கள். மதிப்புரை எழுதுவோர் 'இடியாய் முழங்குகிறது' என்று எழுதும் முன், அந்த முழக்கம் எந்தக் கூரையின் கீழ் எழுந்தது என்று ஒருமுறை விசாரிக்கட்டும். பாடகரின் பெயருக்கும் கிதார் கலைஞரின் பெயருக்கும் கிடைக்கும் எழுத்தளவில் ஆண்டி ஜான்ஸ்களுக்கும் கென் டவுன்செண்ட்களுக்கும் ஒரு வரி கிடைக்கட்டும். அடுத்து வரும் இசைப் பக்கத்திலேயே இதைத் தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் இசைப் பக்கத்தின் வாசகன்