குழாயின் மேல் இரண்டு வரி அச்சிடுங்கள்

ஓவிய வண்ணம் தயாரிக்கும் நம் நாட்டு நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர், நான் வரைந்து கொடுத்த ஓவியத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். மறைந்த அவருடைய அம்மாவின் படம். கல்யாணத்துக்கு அவர் உடுத்திய ரோஸ் பட்டுப்புடவையைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்துத் தீட்டியிருந்தேன். சில ஆண்டுகளிலேயே அந்த ரோஸ் வெளிறி அழுக்கு வெள்ளையாகிவிட்டது. கரையின் பச்சை அப்படியே இருக்கிறது. கன்னத்துச் சிவப்பும் போய்விட்டதால் அந்த அம்மா நோயில் கிடப்பவர்போலத் தெரிகிறார். “அம்மாவ இப்படிப் பாக்க முடியல சார்” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுபடி தீட்டித் தருகிறேன் என்றேன். ஆனால் எந்த ரோஸை நம்பித் தீட்டுவது? குழாயில் நிறத்தின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, நச்சற்றது என்ற முத்திரை இருக்கிறது. உள்ளே இருக்கும் நிறமி எது என்று ஓர் எழுத்துகூட இல்லை.

நாங்கள் கேட்பது இரண்டே வரி: நிறமியின் குறியீட்டு எண், ஒளியைத் தாங்கும் தரம். மாணவர் தரக் குழாய்களிலும் இவை வேண்டும்.

இது நேற்று முளைத்த கோரிக்கை இல்லை. பட்டறையில் கல்லில் அரைத்த காலத்தில் தன் வண்ணம் எதனால் ஆனது என்று ஓவியருக்குத் தெரியும். வணிகர்கள் அரைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்றபோது அந்த அறிவில் பாதி போயிற்று. 1841-இல், லண்டனில் இருந்த அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மீதியும் மூடிக்குள் போய்விட்டது.

தொழிற்சாலையை நான் பழிக்கவில்லை. ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்னும் நீலநிறக் கல்லிலிருந்து எடுத்த அல்ட்ராமரின் நீலம் செல்வந்தர் தயவில்தான் ஓவியருக்குக் கிடைத்தது. அதைச் செயற்கையாக, மலிவாகச் செய்பவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824-இல் அறிவித்தது. 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கீமே அதைப் பெற்றார். இன்று பள்ளிப் பிள்ளைகூட அந்த நீலத்தில் வானம் தீட்டுகிறது. அது ஒளிக்கு அசையாத நீலம்.

சாயங்களின் கதை வேறு. 1856-இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து மாவ் என்னும் ஊதாச் சாயத்தைக் கண்டபின் புதுப்புது நிறங்கள் வரிசையாக வந்தன. 1870-களில் வந்த இயோசின் சாயத்தைக் கரையாத பொடியாக்கி ஓவியருக்கு விற்றார்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. வெளிச்சம் பட்டால் அந்தச் சாயத்தின் மூலக்கூறே சிதைந்துவிடும். வான்கா 1890-இல் தீட்டிய ரோஜாக்கள் இளஞ்சிவப்பாக இருந்தவை. இன்று அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய வெள்ளையாக நிற்கின்றன.

அன்றும் ஓவியர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1880-இல் ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ட் லண்டன் கலைச் சங்கத்தில் எழுந்து, ஓவியருக்கு விற்கப்படும் பொருள்களின் தரம் பற்றி முறையிட்டார். நீர்வண்ணங்களை ஒளியில் வைத்துச் சோதித்த ரஸ்ஸல், ஆப்னி என்னும் இரு அறிவியலாளர்களின் அறிக்கை 1888-இல் வந்தது. 1892-இலேயே வின்சர் அண்டு நியூட்டன் என்னும் ஆங்கில வண்ண நிறுவனம் தன் வண்ணங்களின் சேர்மானத்தை வெளியிட்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, ஐயா.

ஒரே மாதிரி ரோஸ் இரண்டு குழாயில் இருக்கலாம். ஒன்றில் பி.ஆர். 122 (பி.ஆர். என்றால் ‘பிக்மென்ட் ரெட்’, சிவப்பு நிறமி) என்னும் குவினாக்ரிடோன் நிறமி, பல்லாண்டு தாங்கும். இன்னொன்றில் பி.ஆர். 81 என்னும் ரோடமின் சாயம், சீக்கிரம் வெளிறும். கடையில் நிற்பவரால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. எண் இருந்தால் முடியும். விலை கூடிய வரிசைகளில் உங்களில் சிலர் இதை அச்சிடுகிறீர்கள், நன்றி. ஆனால் இங்கே பெரும்பாலோர் கைக்கு எட்டுவது மாணவர் தரம்தான். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் அதில்தான் கற்கிறார்கள், முதல் கண்காட்சிக்கும் அதில்தான் தீட்டுகிறார்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் உள்ளே இருப்பதெல்லாம் எழுதியிருக்கிறது. இந்த நாட்டில் ஓவியருக்குக் கூலி கேட்கவே கூச்சம். வேலையின் ஆயுளைக் கேட்கும் உரிமையும் இல்லையா? வெளிறிய படத்துக்கு வாடிக்கையாளர் முன் தலைகுனிந்து நிற்பது நாங்கள்தான், நீங்கள் இல்லை.

சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருளுங்கள். மலிவான நிறமியை விற்கவே கூடாது என்று கேட்கவில்லை. பயிற்சிக்கும் அச்சுக்கான மாதிரிப் படத்துக்கும் அது போதும். எது எதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விற்கும்படி கேட்கிறோம். குழாயில் இடமில்லையென்றால் அட்டைப்பெட்டியில் அச்சிடுங்கள். பெட்டி அச்சாகி முடிந்திருந்தால், அடுத்த தயாரிப்பு வரும்வரை கடைகளில் ஓர் அட்டவணையைத் தொங்கவிடுங்கள். ரோஸ், ஊதா, கிரிம்சன் மூன்றிலிருந்து தொடங்கினாலும் போதும்.

பணிவுடன்,
உங்கள் வண்ணங்களை வாங்கித் தீட்டும் ஓர் ஓவியர்