நியூயார்க் அதிகாரிகளுக்கு: வானத்தைப் பிறகு பார்க்கிறோம், முதலில் கழிப்பறையைக் காட்டுங்கள்

நியூயார்க் மாநகரின் சுற்றுலா, பூங்கா, போக்குவரத்துப் பொறுப்புகளில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 311 என்ற எண்ணை அழைத்தால் 175 மொழிகளில் உதவி கிடைக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தத் துணிச்சலில் தமிழிலேயே எழுதுகிறேன். நான் உங்கள் வாக்காளர் அல்ல. ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில் குடியிருப்பவள். ஆனால் கோடை வந்தால் ஊரிலிருந்து பெற்றோர் வருவதும், அவர்களை உங்கள் நகரத்துக்கு அழைத்துப்போய் 'கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்' ஒன்றுவிடாமல் காட்டுவதும் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். உங்கள் கல்லாப்பெட்டியில் எங்கள் காசும் கொஞ்சம் விழுந்திருக்கிறது என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விளம்பரப்படுத்தும் ஒவ்வொரு முக்கிய இடத்துக்கும் அருகில், எதையும் வாங்காமல், யாரிடமும் கெஞ்சாமல் நுழையக்கூடிய ஒரு கழிப்பறை வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு பலகையும் வேண்டும்.

பின்னணி உங்களுக்குத் தெரியாதது அல்ல. சென்ற மாதம் நடந்தது மட்டும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். இரத்த அழுத்தத்துக்காகக் காலையில் ஒரு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அவர்களோடு பயணம் செய்கிறவர்களுக்கும் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86-ஆவது மாடியில் நின்று நகரத்தைப் பார்த்துவிட்டு, நடந்தே டைம்ஸ் சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே வந்து சேரும்போது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். திரைகளில் ஓடும் விளம்பரங்களை அவர் பார்க்கவில்லை. கடைகளின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

மருந்துக் கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள். ஒரு தங்கும் விடுதியின் வாசலில், அறை எடுத்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். ஒரு காபிக் கடையில் கழிப்பறை இருந்தது, ஆனால் கதவில் எண் பூட்டு. அந்த எண், வாங்கும் காபியின் ரசீதில் அடியில் அச்சாகி வருமாம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பால் எந்தப் பால், சர்க்கரை எத்தனை பங்கு என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரசீது வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக அவர் படிக்க, நான் அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தார்.

வெளியே வந்தபோது அப்பா சட்டையைக் கால்சட்டைக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார். எத்தனையோ ஆண்டுகளாகச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, பள்ளி மாணவர்களிடமும் அதையே எதிர்பார்த்த மனிதர் அவர். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாங்கிய காபியை எவரும் குடிக்கவும் இல்லை. குடித்தால் மறுபடி அடுத்த ரசீது வாங்க வேண்டியிருக்கும்.

மறுநாள் சுதந்திர தேவி சிலைக்குப் போவதாக இருந்தோம். அப்பா காலையில் மாத்திரையை எடுக்கவில்லை. அம்மா முந்தைய இரவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். ஊரில் பேருந்துப் பயணம் என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான். அதை அம்மா அமெரிக்காவின் மிகப் பெரிய நகரத்தில், சுட்டெரிக்கும் ஜூலை வெயிலில் செய்தார். படகிலும் தீவிலும் கழிப்பறை உண்டு என்று நான் சொன்னதை இருவருமே நம்பவில்லை. உங்கள் நகரம் ஒரே நாளில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையங்களின் கழிப்பறைகளுக்கு நான் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பூக்காரம்மா கைகாட்டுவார். சில்லறையை நீட்டினால் உள்ளே விடுவார்கள். கூடவே ஒரு காபியையும் வாங்கு என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் நகரத்தில் மேலே ஏறிப் பார்க்க எத்தனை வசதி! எம்பயர் ஸ்டேட் ஒன்று, ராக்ஃபெல்லர் மையத்தின் உச்சி ஒன்று, ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டர் ஒன்று. அவை போதாதென்று 2020-இல் ஹட்சன் யார்ட்ஸில் எட்ஜ், 2021-இல் கிராண்ட் சென்ட்ரல் பக்கத்தில் சம்மிட். ஒரே நகரத்தை ஐந்து உயரங்களிலிருந்து பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் டிக்கெட் உண்டு. கீழே இறங்கியதும் மனிதனுக்கு என்ன தேவைப்படும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்கவில்லை என்று சொல்வதும் நியாயமில்லைதான், யோசித்திருக்கிறீர்கள். 2006-இல் போட்ட ஒப்பந்தத்தில் 20 தானியங்கிக் கழிப்பறைகள் வருவதாக இருந்தது. முதலாவது 2008 ஜனவரியில் மேடிசன் சதுக்கப் பூங்காவில் திறந்தது. கால் டாலருக்குப் பதினைந்து நிமிடம். மீதியில் பெரும்பாலானவை குவீன்ஸில் ஒரு கிடங்கில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. 2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, சுரங்க ரயிலை நடத்தும் மாநில அமைப்பு நிலையக் கழிப்பறைகளைப் பூட்டியது. 2023-இல்தான் அவற்றைச் சிறிது சிறிதாகத் திறக்கத் தொடங்கியது. 472 நிலையங்களில் கழிப்பறை உள்ளவை முன்பே 69தான். 2024-இல் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தீர்கள்: ஐந்து ஆண்டுகளில் 46 புதியவை கட்டி, 36 பழையவற்றைப் புதுப்பிப்பதாக. ஆண்டுக்கு 6 கோடிப் பேருக்கு மேல் வந்துபோகும் நகரத்துக்கு 46! அப்பா கணக்கு ஆசிரியர். இந்த வகுத்தலை அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் முடியாத காரியமே அல்ல. நாற்பத்து இரண்டாம் தெருவில், பெரிய நூலகத்தின் பின்னால் இருக்கும் பிரையன்ட் பூங்காவின் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே புதிதாகப் பறித்த பூக்கள், மெல்லிய இசை, நாள் முழுதும் துடைத்துக்கொண்டே இருக்கும் பணியாளர்கள். கட்டணம் கிடையாது. நடத்துவது நீங்கள் அல்ல, தனியார் நிதியில் இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அப்பா காபிக் கடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து அது கூப்பிடு தூரம். டைம்ஸ் சதுக்கத்தில் எங்கள் கண்ணில் பட்ட எந்தப் பலகையும் அதைச் சொல்லவில்லை. நாடகம் எங்கே, பொம்மைக் கடை எங்கே, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் ஆளுயரத் திரைகளில் இரவும் பகலும் ஓட்டத் தெரிந்த இடம் அது. ஒரு அம்புக்குறிக்கு மட்டும் இடமில்லை.

புரூக்லின் பாலத்தைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். 1883-இல் திறந்த அந்தப் பாலம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் நீளம். நடுவில் நிற்கும்போது ஒருவருக்கு அவசரம் வந்தால் முன்னால் போவதா, பின்னால் போவதா? தெருவோரத்தில் ஒதுங்கினால் அபராதச் சீட்டு கொடுக்க மட்டும் ஆள் இருக்கிறது.

பேச ஆரம்பித்தால் நிற்காது. மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குப் போனால் நியூயார்க் மாநிலத்துக்காரர் விரும்பியதைக் கொடுக்கலாமாம். ஆற்றைத் தாண்டி வருகிறவள் 30 டாலர் கொடுக்க வேண்டும். ஓட்டலில் பில்லுக்கு மேல் வரி, வரிக்கு மேல் டிப்ஸ், அந்த டிப்ஸையும் கணக்குப் போட்டு நீட்டும் இயந்திரம். சிலையைப் பார்க்கப் போனால் விமான நிலையம் போலப் பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். அப்பா அன்றைக்குப் பெல்ட் கட்டாமல்தான் வந்திருந்தார்.

மன்னிக்கவும், கழிப்பறை கேட்க வந்தவள் வேறு எங்கோ போய்விட்டேன்.

முக்கிய இடங்கள் ஒவ்வொன்றுக்கும் அருகில், எதையும் வாங்காமல் நுழையக்கூடிய ஒரு கழிப்பறை. கேட்பது அவ்வளவுதான். குழாய் பதிக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், ஆண்டுகள் ஆகும் என்பீர்கள். ஆகட்டும். அதுவரை, ஏற்கெனவே இருப்பவை எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று எழுதிய பலகைகளையாவது டைம்ஸ் சதுக்கத்திலும், புரூக்லின் பாலத்தின் இரு முனைகளிலும், பேட்டரி பூங்காவில் படகுக்கு நிற்கும் வரிசையிலும் வையுங்கள். பல மொழிகளில் கூட வேண்டாம். ஆண், பெண் படமும் ஒரு அம்புக்குறியும் போதும்.

செப்டம்பரில் என் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமனாருக்குச் சர்க்கரை நோய். அதற்குள் அந்தப் பலகைகளை வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மகள்