அரிஷ்டத்தை மாப்பிள்ளை அளந்து கொடுக்கட்டும்

குடியாத்தம்,
2025 ஐப்பசி

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "அப்புறம்..." என்று இழுக்கும்போதே நீ "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய். உன்மேல் குறை இல்லை. நாக்கு குழறக் குழற நான் உனக்குப் போன் செய்த ராத்திரிகளில் நீ பழகிக்கொண்டது அது. கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் படிக்கலாம்.

குழந்தை பிறந்தால் என்னை நம்பி வரச்சொல்லலாமா என்று சித்தியிடம் கேட்டாயாம். என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டாயே, அதுதான் சரி. குடிக்கிறவளைக் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பதினோரு வருஷம் நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை என்று சொல்லிக்காட்டவும் இதை எழுதவில்லை. சித்தி போட்டோ காட்டினாள். பச்சைப் புடவை உனக்கு எடுப்பாக இருந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உனக்குப் பத்து வயசு இருக்கும். காலை ஏழு மணிக்கு முறத்தை மடியில் வைத்தால் ஆயிரம் பீடி முடிய ராத்திரி ஆகிவிடும். முதுகு இரண்டாகப் பிளப்பது போல வலிக்கும். உன் நைனா கட்டிங் போட்டுவிட்டு மிச்சம் வைப்பார். "ரெண்டு வாய் குடி, தூக்கம் வரும்" என்று அவர்தான் கொடுத்தார். தூக்கம் வந்தது. அவர்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அவர் கொடுத்தது ஒரு மாசம் இருக்கும். அதற்கப்புறம் நானே எடுத்தேன். அவர் போன பிறகு வாங்கவே ஆரம்பித்தேன்.

பொம்பளை டாஸ்மாக் வாசலில் போய் நிற்க முடியுமா? தெருக்கோடி ஆட்டோக்காரனிடம் பையையும் பணத்தையும் கொடுத்தால் குவார்ட்டருக்கு இருபது ரூபாய் கமிஷன் வைத்துக்கொண்டு கொண்டுவந்து தருவான். அதைப் புகையிலைத் தூள் டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். புகையிலை நெடி இருக்கிற வீட்டில் வேறு வாசனை தெரியாது என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். நீ ஸ்கூல் விட்டு வந்ததும் கட்டிக்கொள்வது போலக் கிட்டே வந்து வாயை மோந்து பார்ப்பாய். தெரியாது என்றா நினைத்தாய்? அதற்குத்தான் எந்நேரமும் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன்.

நெடுஞ்சாலைக் கடைகளை மூடச்சொல்லி 2016 கடைசியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததே, மறு வருஷம் அந்தக் கடைகளையெல்லாம் ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். நம் பக்கத்துப் பொம்பளைகள் ரோட்டில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன், முன் வரிசையில். தொண்டை கட்டுமளவுக்குக் கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் தொண்டை வலிக்கிறது என்று அதற்கும் ஒரு கட்டிங். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது நீ சிரிக்கவில்லை. அந்த வருஷம்தான் நீ ஓசூருக்குப் போனாய்.

எந்தக் கணக்கும் எனக்கு மறக்கவில்லை. உன் தோடு அடகுக் கடையில் மூழ்கிப்போனது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற படிப்பு உதவித்தொகை, நீ பிளஸ் ஒன் படிக்கும்போது "இந்த வருஷம் வரலை" என்று சொன்னேன் இல்லையா? வந்தது. நான் குடித்தேன். மூன்று வாரத்துக்கு வந்தது அந்தப் பணம்.

கொரோனா வந்த வருஷத்தைச் சித்தி உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். 2020 மார்ச் 24 சாயந்திரத்தோடு கடையை மூடிவிட்டார்கள். மறுநாள் விடியும்போதே கை நடுக்கம். அதற்கு முன்பும் காலையில் நடுங்கும்தான். ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரிக்கவே முடியும், இல்லாவிட்டால் கத்தரி விரலில் ஏறும். அன்றைக்கு ஊற்ற எதுவும் இல்லை. 26 விடிகாலை வலிப்பு வந்து விழுந்தேன். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பெயர் வேண்டாம். "பொம்பளையா இது" என்று ஒரு அம்மா என் காதுபடக் கேட்டாள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குடிநோயாளிக்கு முதலில் வைட்டமின் பி1 ஊசி போடவேண்டும், அதற்கு அப்புறம்தான் குளுக்கோஸ், மாற்றிச் செய்தால் மூளைக்கே ஆபத்து என்று பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. தினமும் குடிக்கிறவர்கள் திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாதாம், உயிரே போகலாம், டாக்டர் பார்வையில் மாத்திரை கொடுத்துத்தான் இறக்க வேண்டுமாம். ஊரெல்லாம் "மனசு வெச்சா ஒரே நாள்ல விடலாம்" என்று சொல்லும்.

அன்று ராத்திரியே 108-ல் வேலூர் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை. சித்தி சொல்லித்தான் தெரியும். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பீடி சுற்றினேனாம். இலை இல்லை, தூள் இல்லை, முறம் இல்லை. வெறும் விரல்கள். இலை எடுப்பது போல எடுத்து, தூள் வைத்து, உருட்டி, தலையை மடித்து, நூல் கட்டி, பல்லால் நூலை அறுத்து, பக்கத்தில் வைப்பது போல வைத்து, இருபத்தைந்து ஆனதும் ஒரு கட்டு. நடுவில் "பாப்பா, இன்னா தூங்கறே, தலை மடிச்சுக் குடு" என்று உன்னைத் திட்டினேனாம். இல்லாத பீடியை வாங்கி வாங்கிச் சித்தி தலையணை அடியில் வைத்தாளாம், வாங்காவிட்டால் அழுதேனாம். குடி இறங்கும்போது சில பேருக்கு இப்படி அவரவர் செய்யும் வேலையே கையில் வரும் என்று அங்கே நர்ஸ் சொன்னாளாம். எனக்கு அதில் ஒரு சந்தேகம், எத்தனை கட்டு முடித்தேன் என்று. சித்தியிடம் கேட்டேன். அடிக்க வந்தாள்.

பிழைத்து வந்தேன். இரண்டு வருஷம் தொடவில்லை. தொடாதவள் உனக்கு ஏன் சொல்லவில்லை? மூன்று மாசம் ஆகட்டும், ஆறு மாசம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதும் நல்லதாகப் போயிற்று.

2022 வைகாசி ஒண்ணு, நம்ம ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை புறப்பட்டால் எவ்வளவு கூட்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். தலை போய் உடம்போடு சேர்கிறதைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் யாரோ மிச்சம் வைத்த பாட்டில். முதுகு வலி இல்லை, துக்கம் இல்லை, வயிறு நிறைய பிரியாணி. ஒரு காரணமும் இல்லாமல் குடித்தேன். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் நானே பஸ் ஏறி வேலூர் போய் அங்கிருந்து பாகாயம் போனேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் அங்கேதான், 1957-லிருந்து இருக்கிறது. கூட வீட்டு ஆள் ஒருத்தர் வந்து தங்க வேண்டும் என்றார்கள். உன் நம்பரை எடுத்தேன், அழுத்தவில்லை. சித்திக்குப் போட்டேன். அவள் ஆட்டை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை பிழைத்ததோடு விடவில்லை. ஒரு டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னாள்: ஆம்பளை உடம்பைவிடப் பொம்பளை உடம்பில் தண்ணீர் குறைவு, அதே குவார்ட்டர் நமக்கு ரத்தத்தில் அதிகமாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும். இத்தனை வருஷத்தில் "நீ கெட்டவ" என்று சொன்னவர்கள் உண்டு, ஈரல் என்று ஒன்று எனக்கு இருப்பதாக யாரும் பேசியதில்லை. அப்புறம் ஒரு மாத்திரை, டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் ஜிவுஜிவு என்றாகி, நெஞ்சு அடித்து, வாந்தி புரட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் காலையில் பல் தேய்த்ததும் சித்தி வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். தங்கச்சி முன்னால் வாயைத் திறந்து நிற்பது எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? முதல் வாரம் கொன்றுவிடலாம் போல இருந்தது. அப்புறம் அவள் வீட்டு டீ பழகிவிட்டது.

வாரம் ஒருநாள் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற கூட்டம். அத்தனை பேரும் ஆம்பளைகள், நான் ஒருத்திதான் பொம்பளை. வாசல் ஓரமாக உட்காருவேன். அமெரிக்காவில் 1935-ல் ஒரு டாக்டரும் ஒரு பங்கு வியாபாரியும், இரண்டு பேரும் குடிகாரர்கள், ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசியே ஆரம்பித்ததாம். குடியாத்தத்துப் பீடிக்காரி வரைக்கும் வந்திருக்கிறது பார். எழுந்து "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆனது. அங்கே வருஷம் முடிந்தவர்களுக்கு வீட்டுக்காரிகள் கேக் வாங்கிக்கொண்டு வருவார்கள், மாலை போடுவார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குச் சித்தி கால் கிலோ மிக்சர் வாங்கி வந்தாள்.

இப்போது மூன்று வருஷம் ஐந்து மாசம் ஆகிறது. கை நிற்கிறது. ஆயிரம் பீடி சாயந்திரம் ஆறுக்குள் முடிகிறது, கழிவு இல்லை. உன் தோட்டின் எடைக்கு ஒரு ஜோடி வாங்கச் சித்தியிடம் சீட்டுப் போட்டிருக்கிறேன். தை மாசம் விழும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். நீ இங்கே வரவேண்டாம். நீ கூப்பிட்டால் நான் அங்கே வருகிறேன். ஹாலில் படுத்துக்கொள்வேன். குழந்தையை என்னிடம் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போகவேண்டாம், நீயாகப் போகலாம் என்று நினைக்கிற வரைக்கும். மாத்திரை போன வருஷமே டாக்டர் நிறுத்திவிட்டாள், அதையும் தெரிந்துகொள். இன்னொன்று முக்கியம். பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுக்கிற வழக்கம் உன் மாமியார் வீட்டிலும் இருக்கும். அரிஷ்டம் எல்லாமே ஊறி ஊறித் தானாகச் சாராயச் சத்து ஏறியது. டாக்டரைக் கேட்டுவிட்டு, வேண்டும் என்றால் குடி. ஆனால் பாட்டில் பீரோவில் இருக்கட்டும், சாவி மாப்பிள்ளையிடம் இருக்கட்டும், அவரே அளந்து கொடுக்கட்டும். ஏன் என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல். இருமல் மருந்தும் அப்படித்தான், பாட்டிலைப் பார்த்து வாங்கு. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, குழந்தைக்குத் தண்ணி ஊற்றுவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி வழியாக வந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். சின்ன வயசில் செய்வாயே, அது மாதிரி கிட்டே வந்து வாயை மோந்து பார்த்துவிட்டுக் கூட்டிப்போ. தினமும் பார். வெற்றிலையையும் விட்டுவிட்டேன், வாய் வாசனை வெளிப்படையாகத் தெரியட்டும் என்று. கையில் மட்டும் புகையிலை நெடி அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது, குழந்தையைத் தூக்கும்போது உன் பழைய புடவை ஒன்றைக் கையில் சுற்றிக்கொள்கிறேன். எடுத்து வை.

இப்படிக்கு,
அம்மா