அந்தத் தேதியை ஏன் எடுக்கச் சொன்னேன் என்றால், தம்பி

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில் நான் கொஞ்சம் கடுகடுவென்றுதான் பேசிவிட்டேன். "முதலில் அந்த ஸ்டேட்டஸை எடு, மற்றதெல்லாம் அப்புறம்" என்றேன், நீயும் எடுத்துவிட்டாய், ஆனால் அதற்குப் பிறகு உன் குரலே மாறிவிட்டது. "பெற்ற மகளைப் பற்றிப் பெருமையா ரெண்டு வரி எழுதக்கூடாதா அக்கா? அவள் என்ன ஏவுகணையா விடுறா?" என்று கேட்டாய். அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எழுதினால்தான் ஒழுங்காக வரும். பிள்ளையைக் கடற்படைக்கு அனுப்பிவிட்டு உன்னைப் போலவே முழிக்கிற வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் இதை எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். பயப்படாதே, பெயர், ஊர், கப்பல், பிரிவு எதுவும் இதில் இருக்காது. எண்களைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன்.

யூனிபார்மில் மகள் நிற்கிற போட்டோ, பின்னால் கப்பல், கீழே கப்பலின் பெயர், கிளம்பும் நாள், அதோடு "இன்னும் 45 நாளில் என் செல்லம் வீட்டில் இருப்பாள்" என்று ஒரு வரி. இதுதானே நீ போட்டது? போட்டோகூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். அந்த 45தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

என் மகன் முதல்முறை நீண்ட நாள் கடலுக்குப் போனபோது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஓர் எண் போடுவேன். 30, 29, 28 என்று. வேறு ஒன்றும் எழுத மாட்டேன், எண் மட்டும். எல்லாரும் கைகூப்பி ஒரு பொம்மை அனுப்புவார்கள். அந்தக் குழுவில் அறுபதுக்கு மேல் ஆட்கள், அதில் பாதிப் பேரை நேரில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. 12 என்று போட்ட அன்று, ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவன் கூப்பிட்டான். சொந்தத்தில் யாரோ அவனுக்கே "இன்னும் 12 நாள்தானாமே!" என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். அவன் சத்தம் போடவில்லை. "அம்மா, அதை நிறுத்திடு" என்று மட்டும் சொன்னான். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவன் என்னிடம் எல்லாவற்றையும் அளந்துதான் பேசினான். எப்போது லீவு என்றால் "தெரியலம்மா". உடம்பு எப்படி என்றால் "நல்லாயிருக்கேன்". வாசலில் வந்து நிற்கிற அன்றுதான் அவன் வருகிறான் என்பதே எனக்குத் தெரியும். எந்தச் சட்டத்தையும் விட எனக்கு வலித்தது அதுதான் தம்பி, என் பிள்ளை என்னைப் பார்த்து ஜாக்கிரதையாக ஆகிவிட்டான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஏவுகணை விடுகிறவர்களிடம்தான் ரகசியம் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அப்படியில்லை. வியட்நாம் போரின்போது, 1966 வாக்கில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வருவது எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிந்துபோய்க்கொண்டிருந்தது. ஒற்றன் யாராவது உள்ளே இருக்கிறானா, சங்கேத மொழியை உடைத்துவிட்டார்களா என்று ஆராய 'பர்ப்பிள் டிராகன்' என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் தோண்டிப் பார்த்தபோது கிடைத்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரங்கள்: சாதாரண விமானங்களோடு இடிபடாமல் இருக்க வான்வழியை முன்கூட்டி ஒதுக்கிக் கேட்கும் அறிவிப்புகள், ஒவ்வொரு முறையும் மாறாமல் நடக்கும் வழக்கங்கள், பூட்டி வைக்கத் தோன்றாத பேச்சுகள். தனித்தனியாகப் பார்த்தால் குப்பை, கூட்டிப் பார்த்தால் விமானம் வரும் நேரம். படைக் குடும்பங்களுக்கு இன்றைக்கு 'ஆப்செக்' (ஆபரேஷன்ஸ் செக்யூரிட்டி, அதாவது சில்லறைத் தகவல்கூட வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது) என்று ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அது அந்தக் குழுவிடமிருந்து வந்ததுதான்.

இப்போது உன் மகளின் கப்பலை நினைத்துப் பார். அதில் 200 பேர் இருந்தால் 200 வீடு இருக்கிறது. ஒரு வீட்டில் கிளம்பும் நாள் போடுகிறார்கள், இன்னொரு வீட்டில் "குளிருக்குத் துணி கேட்டான், அனுப்பினேன்" என்கிறார்கள், வேறொரு வீட்டில் "மூன்று மாதத்துக்கு உணவுப் பொருள் ஏற்றினார்களாம், முதுகு ஒடிந்துவிட்டதாம்" என்று பாவப்படுகிறார்கள். யாரும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்து கூட்டிப் பார்க்க ஒருத்தன் இருந்தால் போதும். அவனுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

சொல்லாமல் விட்டதுகூடச் சொல்லிவிடும் என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. 2025 ஜனவரியில் 'ல மோந்து' என்ற பிரெஞ்சு நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. பிரான்சின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் நிற்கும் தளத்தில் வேலை பார்ப்பவர்களில் சிலர், ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் ஓடியது பெரிதில்லை. சில பேர் ஒரே சமயத்தில் ஓடுவதை நிறுத்தி, பல வாரம் கழித்து ஒரே சமயத்தில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தார்கள். கப்பல் கடலுக்கு எப்போது போனது, எப்போது திரும்பியது என்று அந்த இடைவெளியே சொல்லிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு என் 30, 29, 28தான் ஞாபகம் வந்தது.

பெருமை என்றாயே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1943 ஜூனில் ஆண்ட்ரூ மே என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பசிபிக் போர்முனையைப் பார்த்துவிட்டு வந்து பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். ஜப்பானியர்கள் நம் நீர்மூழ்கிகள் மீது போடும் குண்டுகள் போதிய ஆழத்துக்குப் போகுமுன்பே வெடித்துவிடுகின்றன, அதனால்தான் நம் ஆட்கள் தப்பிவிடுகிறார்கள் என்றார். கெட்ட எண்ணமில்லை, நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற சந்தோஷம்தான். செய்தி பத்திரிகைகளில் வந்தது. அப்புறம் ஜப்பானியர்கள் குண்டுகளை இன்னும் ஆழத்தில் வெடிக்கும்படி மாற்றிக்கொண்டார்கள் என்றும், அந்தப் பேச்சால் 10 நீர்மூழ்கிகளும் 800 பேரும் போயிருப்பார்கள் என்றும் நீர்மூழ்கிப் படைத் தளபதி லாக்வுட் மதிப்பிட்டார். அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சந்தேகம் உண்டு. பாதியாகவே இருக்கட்டுமே, பாதி என்றாலும் 400 வீடு.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. எதைப் பேசலாம் என்று நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். மகள் கடற்படையில் இருக்கிறாள் என்று தாராளமாகச் சொல், கடற்படையே அதை ஒன்றும் மறைத்து வைப்பதில்லை. பயிற்சி முடித்தாள், பதவி உயர்ந்தாள், எனக்கு அவளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, எல்லாம் சொல். எங்கே, எப்போது, எத்தனை பேர், எது பழுது, ஆட்களின் மனநிலை எப்படி என்று பேச்சு திரும்பும்போது வாயை மூடிக்கொள். கடைசியில் சொன்னதைப் பலரும் விட்டுவிடுவார்கள். "எல்லாரும் சோர்ந்துபோய்விட்டார்களாம், மேலதிகாரியோடு சண்டையாம்" என்பதும் ஒருத்தனுக்குத் தேவைப்படும் தகவல்தான். வந்து இறங்கி, கடற்படையே செய்தியும் படமும் வெளியிட்ட பிறகு நீயும் போட்டுக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

போட்டோ விஷயத்தில் முகத்தைப் பார்க்காதே, முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். 2012இல் பிரிட்டன் இளவரசர் வில்லியம் விமானப்படையில் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய ஒரு நாள் வேலையைப் படமெடுத்து வெளியிட்டார்கள். பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளில் கணினிக்கான பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்துவிட்டன, அப்புறம் அவசரமாகக் கடவுச்சொல்லை மாற்றினார்கள். அத்தனை பேர் பார்த்துச் சரிபார்த்து வெளியிட்ட படத்துக்கே அந்தக் கதி. நம் போனில் எடுக்கிற படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும்கூடப் பதிந்திருக்கலாம். மகள் உனக்கு அனுப்பியது உனக்கு. அதை நீ இன்னொருவருக்கு அனுப்பும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேள், "போடலாமாம்மா?" என்று. அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே.

இந்த 'ஏன்' இருக்கிறதே, அதைத்தான் விடச் சொல்கிறேன். ரகசியத்தைக் காப்பது அவளுக்குப் பெரிய கஷ்டமில்லை, அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அப்பாவிடம் "சொல்ல முடியாதுப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான் கஷ்டம். நாம் கேட்கக் கேட்க அவளுக்கு இரண்டே வழி, மறுக்க வேண்டும் அல்லது பொய் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் பேசக் கிடைக்கிற இடத்தில் ஆறு நிமிடம் இப்படிப் போனால் அப்புறம் போன் வருவது குறையும். நான் இப்போதெல்லாம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பதே இல்லை. தூங்கினாயா, யாரோடு சிரித்தாய், என்ன படிக்கிறாய், கூட இருக்கிற அந்தக் குறட்டைக்காரன் இன்னும் குறட்டை விடுகிறானா என்று கேட்கிறேன். ஒரு வருடம் அளந்து பேசியவன் இப்போது அரை மணி நேரம் பேசுகிறான்.

சங்கேதம் எதுவும் வைத்துக்கொள்ளாதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் கிளம்பிவிட்டோம் என்று அர்த்தம்" மாதிரி குடும்பங்கள் ஏற்பாடு செய்துகொள்வது உண்டு. விளையாட்டுப்போலத்தான் இருக்கும். மாட்டினால் அவள் தெரிந்தே விதியை மீறியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வாய்தவறிச் சொன்னதற்கும் திட்டம் போட்டுச் சொன்னதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

அப்புறம் அந்த மௌனம். ஒரு நாள் திடீரென்று செய்தி வருவது நிற்கும். நீ அனுப்பியதற்குக் கீழே ஒற்றை டிக்கோடு அப்படியே கிடக்கும். அமெரிக்கக் கப்பல்களில் இதற்கு 'ரிவர் சிட்டி' என்று பெயர், கப்பலின் இணையம், போன் எல்லாவற்றையும் குறைத்துவிடுவார்கள் அல்லது மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். முக்கியமான வேலை இருக்கலாம். கப்பலில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால், அந்த வீட்டுக்கு முறையாகத் தகவல் சொல்லும் வரை வேறு வழியாகச் செய்தி பரவக்கூடாது என்றும் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் பெற்றோர் குழுக்களில் "யாருக்காவது செய்தி வந்ததா? என் பையன் இரண்டு நாளாகப் பேசவில்லை" என்று ஆரம்பிப்பார்கள் பார், அதில் நீ சேராதே. எந்தக் கப்பலில் தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதே ஒரு தகவல்தான், அதோடு வதந்தியும் அங்கிருந்துதான் கிளம்பும். நான் அந்த நாட்களில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவனுக்குத் தாளில் எழுதுவேன். நீர்மூழ்கிகளில் இருப்பவர்களின் வீட்டாரை நினைத்தால் நமக்கு எவ்வளவோ பரவாயில்லை. பிரிட்டன் நீர்மூழ்கிகளுக்கு வீட்டிலிருந்து வாரம் ஒரு முறை 120 வார்த்தை அனுப்பலாம், அதையும் அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பதில் வராது, ஏனென்றால் உள்ளிருந்து ஒரு சமிக்ஞை கிளம்பினாலே அது இருக்கும் இடம் தெரிந்துபோகலாம். பதிலே வராத கடிதத்துக்கு 120 வார்த்தையை எண்ணி எண்ணி எழுதுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். "உங்கள் மகள் கூட வேலை பார்க்கிறேன்" என்று நட்பு அழைப்பு அனுப்புவார்கள். ஏற்காதே, மகளிடம் கேள். 2019 டிசம்பரில், பெண்கள் பெயரில் இணையத்தில் பழகி வீரர்களிடம் தகவல் கறந்த விவகாரம் வெளியானதும், இந்தியக் கடற்படை கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனையும் பேஸ்புக்கையும் தடை செய்தது. பயிற்சி பெற்றவர்களையே பேச்சில் மயக்குகிறார்கள் என்றால், மகளைப் பிரிந்திருக்கும் அப்பாவிடம் பேச்சு வாங்க எவ்வளவு நேரமாகும்? "உங்கள் மகளுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடு. எந்தக் கடற்படையும் சிகிச்சைக்கு உன்னிடம் பணம் கேட்காது. அவள் கிளம்பும் முன்பே, வீட்டில் அவசரம் என்றால் எந்த அலுவலகம், எந்த எண் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள். அந்த எண்ணையும் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே, உன்னை நம்ப முடியாது!

சரி, கோபம் தீர்ந்ததா? அந்தப் போட்டோ அருமையான போட்டோ தம்பி, முகத்தில் அப்படியே உன் சாயல். பெரிதாகப் பிரதி எடுத்து வீட்டுக்குள் மாட்டு, வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும், கப்பல் பெயர் தெரிகிற பக்கத்தை மட்டும் வெட்டிவிடு. நாட்களை எண்ணத்தான் வேண்டும் என்றால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காலண்டரில் எண்ணு. நானும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

அவள் என்றைக்கு வருகிறாள் என்று எனக்கும் சொல்லாதே. வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு ஒரு போன் போடு. நான் வந்து பார்க்கிறேன்.

உன் அக்கா