மணியா, ரேட்டா?

வாலாஜாப்பேட்டை
8.12.2020

அன்புள்ள தயாளனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் பிரவீனின் பைலட் வேலையைப் பற்றி நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ கத்துவாய், பிறகு நானும் கத்துவேன். பத்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தானே. அதனால்தான் எழுதுகிறேன். பேத்தி இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

முதலில் ஊர்ச் சேதி. நிவர் புயல் மழையில் மொட்டை மாடி ஒழுகி, பரணில் இருந்த பழைய சங்க நோட்டீஸ் கட்டெல்லாம் நனைந்துவிட்டது. வெயிலில் விரித்துக் காயவைத்திருக்கிறேன். போன வருஷம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், தெரியும் இல்லையா? வட ஆற்காட்டில் பிறந்து, வேலூர் மாவட்டத்தில் ரிட்டயராகி, இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் உட்கார்ந்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறேன். வீடு மட்டும் அதே வீடு. சிப்காட்டிலும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனிகளுக்குக் கொரோனாவால் ஐரோப்பா ஆர்டர் நின்றுபோய், இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மிஷின் ஓடுகிறது.

சரி, பிரவீன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ 'ஃபர்லோ' என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். இந்தியாவில் அந்த வார்த்தையை ஜெயிலில்தான் அதிகம் கேட்கலாம், கைதிக்குத் தருகிற விடுப்புக்கு அந்தப் பெயர். தொரப்பாடி ஜெயிலில் கைதிச் சட்டை போட்டுக்கொண்டு பிரவீன் லீவு கேட்கிற மாதிரி ஒரு நிமிஷம் கண்ணில் வந்துபோனான். உங்கள் அமெரிக்காவில் பைலட்டுக்கு அது வேறு என்று பிறகுதான் விளங்கியது. சம்பளம் நின்றுவிடும். பேர் மட்டும் சீனியாரிட்டி பட்டியலில் இருக்கும். கம்பெனிக்கு ஆள் தேவைப்படும்போது வரிசைப்படி கூப்பிடுவார்கள். நம் பக்கத்தில் இதற்குக் கிட்டத்தட்ட லே ஆஃப் என்போம். ஆனால் நம் சட்டத்தில் லே ஆஃப் ஆனவனுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. உங்கள் ஊரில் லே ஆஃப் என்றால் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவது என்கிறாயே, ஒரே வார்த்தை கடல் தாண்டினால் எவ்வளவு கெட்டுப்போகிறது பார்.

இரண்டு நாளாகப் பேத்தியின் செல்போனில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் உங்கள் அரசாங்கம் விமானக் கம்பெனிகளுக்குச் சம்பளம் போடப் பணம் கொடுத்தபோது, செப்டம்பர் 30 வரை யாரையும் அனுப்பக்கூடாது, சம்பள ரேட்டைக் குறைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டதாம். அந்தக் கெடு முடிந்த மறுநாளே அமெரிக்கன், யுனைடெட் இரண்டு கம்பெனியிலும் சேர்த்து 32,000 பேருக்கு மேல் வெளியே. இங்கேயும் ஒன்றும் குறைவில்லை. இண்டிகோவில் ஜூலையில் பத்தில் ஒருவரை எடுப்பதாக அறிவித்தார்கள். ஏர் இந்தியாவில் ஐந்து வருஷம் வரை சம்பளமில்லா விடுப்பு என்று ஒரு திட்டம். அதை விடுப்பு என்று சொல்லவே எனக்கு நா கூசுகிறது.

நீ கேட்ட கேள்வி இதுதானே: பத்து சதவீதம் சம்பளத்தை எல்லோரும் விட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் சேர்ந்தவர்கள் வெளியே என்று கம்பெனி சொல்கிறது. சம்பளத்துக்குப் பதில் வேலை நேரத்தைக் குறைக்கலாம் என்று சங்கம் பேசுகிறது. பட்டியலின் அடியில் இருக்கிற பிரவீனோ, "பெரியவர்கள் போடும் பிச்சையில் நான் பறக்க வேண்டுமா" என்கிறான். "யூனியன்காரன் நீதானே, சொல்" என்றாய்.

நான் சொல்வதற்கு முன்னால், உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கும், சுத்திகரிப்பு நிலையம் இல்லாத தோல் பதனிடும் ஷாப்புகளை மூடச் சொல்லி. பாலாறு நாறிய நாற்றத்துக்கு அந்தத் தீர்ப்பு வந்தே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோல் வரத்து நின்றதும் எங்கள் ஷூ கம்பெனியில் வேலை பாதியானது. நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, எல்லோருக்கும் வாரத்தில் நான்கு நாள் வேலை. இல்லையென்றால் ஆட்குறைப்பு. கமிட்டியில் ஒன்பது பேர், நான் இணைச் செயலாளர். கடைசியில் வந்தவன் முதலில் போக வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, அதன்படி நடக்கட்டும் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான். அப்போது வீட்டுக் கடன் இருந்தது. அது காரணமா, சட்டம் காரணமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தெட்டுப் பேர் போனார்கள். கட்டிங்கில் என் பக்கத்து மேஜைப் பையனும் அதில் ஒருவன். ஒரு தோலில் எந்த இடத்தில் எந்தத் துண்டு வெட்டினால் வீண் போகாது என்று நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்து ஆர்டர் திரும்பியது. பழைய ஆட்களுக்குத்தான் முதல் உரிமை என்று ரிஜிஸ்டர் தபால் போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். மற்றவர்கள் பெங்களூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். பையனுக்குப் போட்ட தபால் ஆளில்லை என்று திரும்பி வந்தது. அந்தக் கவர்தான் இப்போது மாடியில் காய்கிறது.

போதாதென்று, மிஞ்சிய நாங்களும் பன்னிரண்டு-மூணு ஒப்பந்தம் (தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் நிர்வாகமும் சங்கமும் போடுவது) போட்டுப் பஞ்சப்படி உயர்வை நிறுத்திவைத்தோம். 'நிலைமை சீராகும் வரை' என்று எழுதினோம். நிலைமை சீரானதா இல்லையா என்று யார் முடிவு செய்வது என்று எழுதவில்லை. ஆர்டர் வந்தது, மிஷின் வந்தது, பஞ்சப்படி வரவில்லை. ஐந்து வருஷம் ஆனது.

அதனால் பிரவீனுக்கு என் பேச்சு இதுதான். மணியைக் கொடுக்கலாம், ரேட்டைக் கொடுக்கக்கூடாது. பைலட்டுக்கு விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து நிற்கும் வரை மணிக் கணக்கில் சம்பளம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி என்று ஒரு குறைந்தபட்ச உத்தரவாதமும் உண்டு. அந்த உத்தரவாதத்தை எழுபதிலிருந்து அறுபத்தைந்து ஆக்கினால், பயணிகள் கூட்டம் திரும்பும்போது அவன் பறக்கிற மணி தானாகவே ஏறும். யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ரேட்டைக் குறைத்தால் அதைத் திரும்ப வாங்க இன்னொரு போராட்டம் வேண்டும். டெல்டாவில் போன மாதம் இந்த வழியில்தான், உத்தரவாதத்தில் ஐந்து சதவீதம் விட்டுக்கொடுத்து, சுமார் 1,700 பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதிலும் எந்தத் தேதியோடு முடியும் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்க்கச் சொல். 'நிலைமை சீராகும் வரை' என்று கண்ணில் பட்டால் எனக்குப் போன் போடச் சொல்.

இன்னொன்று, பெரிய அதிகாரிகளின் சம்பளக் கணக்கை ஓட்டெடுப்புக்கு முன்னால் கேட்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2003இல் பைலட், விமானப் பணியாளர், தரைப் பணியாளர் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 162 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன. ஓட்டு எண்ணிய கையோடு, மேலதிகாரிகளுக்குத் தனியாக போனஸ் ஒதுக்கியிருந்தது வெளியே வந்தது. தலைவர் டொனால்ட் கார்ட்டி அந்த மாதமே ராஜினாமா செய்தார்.

ஆளை எடுப்பது கம்பெனிக்கும் செலவுதான், அதுவும் சும்மா பயமுறுத்துகிறது என்று அவனிடம் சொல். அடியில் இருப்பவனை எடுத்தால் மேலே இருக்கிற கேப்டன் துணை பைலட்டின் வலது சீட்டுக்கு இறங்க வேண்டும், வேறு விமானத்துக்கு மாற வேண்டும். ஒவ்வொருவருக்கும் சிமுலேட்டரில் மறுபடி பயிற்சி. தொண்ணூறு நாளில் மூன்று தடவை ஏற்றி இறக்காதவன் பயணிகளை வைத்துக்கொண்டு ஓட்டவே முடியாதாமே. எங்கள் கட்டிங் பையன் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனான். பிரவீன் வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே மறுபடி கடைசி நம்பர். விமானக் கம்பெனியில் சேரத் தேவையான ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்த கணக்கைச் சேர்க்க அவன் குட்டி விமானத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்ததை நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை.

பிச்சை என்றானே, அதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். அவனுக்காக ஐந்து மணி நேரத்தை விடுகிற கேப்டன் யாராவது இருந்தால், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொல்.

அப்துல்லாபுரம் ஓடுதளத்தைப் பார்க்க நாம் சைக்கிளில் போவோமே, அங்கே சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் வேலை நடக்கிறது. விமானம் இன்னும் வரவில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஆற்காடு மக்கன் பேடா அனுப்பலாமா என்று கூரியர்காரனைக் கேட்டேன், என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

ஓட்டெடுப்பு என்றைக்கு என்று எழுது.

அன்புடன்,
ஏகாம்பரம்