முதல் கால் மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ யோகா செய்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எடின்பரோவில் டிசம்பரில் எட்டரை மணிக்கு மேல்தான் விடிகிறது. அந்த இருட்டிலும் குளிரிலும் ஆறு மணிக்கே எழுந்து பாய் விரிக்கிற பிள்ளையைக் குறை சொல்ல மனசு வருமா? ஆனால் நீ சொன்ன இரண்டு விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. படுக்கையிலிருந்து இறங்கி நேராகப் பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் தொடங்குகிறேன் என்றாய். அப்புறம் வேறு பேச்சுக்கு நடுவே, கொஞ்ச நாளாக உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில், நாற்காலியில் எலும்பு படுகிற இடத்தில் வலிக்கிறது என்றாய். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீ நினைக்கலாம். பி.டி. வாத்தியாராக மைதானத்திலேயே காலம் கழித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தொடையின் பின்பக்கத் தசைகள் மேலே போய் அந்த எலும்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலை நீட்டிக் குனிந்து கட்டைவிரலைப் பிடித்தால் இழுவை போய் விழுவது அந்த ஒட்டில்தான். தசையில் ஓடுகிற அளவுக்கு, தசையை எலும்போடு கட்டும் தசைநாரில் ரத்தம் ஓடாது. அதனால் அங்கே சின்னக் கிழிசல் வந்தாலும் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். குளிர்ந்து கிடக்கும் தசையோ எளிதில் நீளாது. வெடுக்கென்று இழுத்தால் தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும். நீ இழுக்க, அது சுருங்க, நடுவில் அடிபடுவது அந்த நார்.

முதுகு விஷயம் இன்னும் முக்கியம். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்குகள், ராத்திரி நாம் படுத்திருக்கும்போது பாரம் குறைவதால் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் எழும்போது நாம் எல்லோரும் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரம் கூடியிருப்பது இதனால்தான். நின்று நடமாடத் தொடங்கியதும் அந்த நீர் மெல்ல வெளியேறும். அதில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். அதுவரை டிஸ்க் விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் இடுப்பை வளைத்துக் குனிந்தால் டிஸ்கின் மேல் விழும் அழுத்தம், சாயங்காலம் குனிவதைவிட மிக அதிகம். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களைக் காலையில் எழுந்ததும் சில மணி நேரம் குனியாமல் இருக்கச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 1998-ல் வந்தது. அந்த ஒன்றிலேயே பலருக்கு வலி குறைந்தது. நீயோ பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருப்பவள். எழுந்ததும் முதல் வேலையாக அதே பக்கம் முதுகை இன்னும் வளைக்கலாமா?

உடல் சூடும் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும், சாயங்காலம்தான் உச்சத்துக்கு வரும். அதனால் சனிக்கிழமை மாலை வகுப்பில் முழங்காலைத் தொட்ட நெற்றி காலையில் ஏன் தொடவில்லை என்று உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே.

யோகாவைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் யாரும் உடம்பை எடுத்த எடுப்பில் மடக்கச் சொல்லவில்லை. பீகாரின் முங்கேரில் சத்யானந்தர் அமைத்த பவனமுக்தாசன வரிசை கால்விரலை மடக்கி நீட்டுவதில்தான் தொடங்கும். விரல், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று படிப்படியாக மேலே ஏறும். அம்மா போகும் மனவளக்கலை மன்றத்தில் வேதாத்திரி மகரிஷியின் உடற்பயிற்சி கைப் பயிற்சியில் ஆரம்பிக்கும். 2015-ல் முதல் யோகா தினத்துக்காக அரசு வகுத்த பொதுப் பயிற்சியிலும் ஆசனங்களுக்கு முன்னால் கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றுக்குத் தளர்வுப் பயிற்சிகள் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1930-களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குத் துள்ளித் தாவும் பயிற்சி கொடுத்தவர் அவர். பிற்பாடு சென்னைக்கு வந்து, நோயாளிகளுக்கும் குடும்பஸ்தர்களுக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்ப மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்திலும் அதே முறைதான். ஓர் ஆசனத்தில் நிற்பதற்கு முன்னால் மூச்சோடு அதற்குள் போய்ப் போய் வர வேண்டும். அப்புறம்தான் அதிலேயே தங்கலாம். நீ பரதநாட்டியம் கற்றவள், உனக்கு இது புதிதல்ல. முதல் பாடமான தட்டடவை மூன்றாம் கால வேகத்தில் உன் டீச்சர் என்றைக்காவது தொடங்கச் சொன்னாரா? முதல் காலம், இரண்டாம் காலம் தாண்டித்தானே அங்கே போனாய்?

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எழுந்ததும் பாய்க்குப் போகாதே. வெந்நீர் குடி, பல் தேய், வீட்டுக்குள் நட, மதியச் சாப்பாட்டைக் கட்டி வை. அரை மணி நேரமாவது உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்வெட்டரையும் சாக்ஸையும் கழற்றாமலேயே தொடங்கலாம்.

முதலில் நின்ற இடத்திலேயே நட. மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்கு, விட்டுக்கொண்டே இறக்கு. மணிக்கட்டு, தோள், கணுக்கால் எல்லாவற்றையும் சுழற்று. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் கொழகொழப்பான திரவம்தான் அதற்குச் சாப்பாடு, அசைத்தால்தான் அது இளகிப் பரவும். கழுத்தை மட்டும் முழு வட்டமாகச் சுழற்றாதே. இடம், வலம், கொஞ்சம் கீழே, அது போதும்.

அப்புறம் தவழும் நிலைக்கு வந்து மார்ஜாரி. முதுகைச் சின்ன அளவில் மேலும் கீழும் அசை, கடைசி எல்லை வரை போகாதே. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது இடுப்பைத் தூக்கி, விடும்போது இறக்கு. ஆறேழு தடவை செய். பிட்டத்துத் தசையும் தொடையின் பின்தசையும் இழுபடாமல் வேலை செய்து சூடாவது இதில்தான். உன் வலிக்கு இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஆனால் இதிலும் வலித்தால் நிறுத்திவிடு. கடைசியாகச் சூரிய நமஸ்காரம். முதல் இரண்டு சுற்று மிக மெதுவாக இருக்கட்டும். குனியும் இடத்தில் தரையைத் தொட வேண்டாம். முழங்காலை மடக்கி, கைகளை நாற்காலி மேல் ஊன்றிக்கொள்.

போதுமா என்று எப்படித் தெரியும்? உள்ளங்கை கதகதப்பாகும். மூச்சு ஆழமாகும், ஆனாலும் மூக்கு வழியாகவே விட முடியும். ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். அதற்குக் கால் மணி நேரம் ஆகலாம், உங்கள் ஊர்க் குளிரில் இருபது நிமிடம்கூட ஆகலாம். நேரம் போதாத நாளில் பின்னால் வரும் ஆசனங்களைக் குறைத்துக்கொள், இதைக் குறைக்காதே.

ஹீட்டர் போடத் தயங்காதே, கரன்ட் பில்லைப் பார்க்காதே. ஆனால் அறை சூடாக இருப்பதால் மட்டும் உடம்பு தயார் என்று எண்ணிவிடாதே. நாற்பது டிகிரி சூட்டில் நடக்கும் ஹாட் யோகா வகுப்புக்கு உன் தோழி கூப்பிடுகிறாள் என்றாய். இந்த வலி ஆறும் வரை அங்கே போக வேண்டாம். அந்தச் சூட்டில் உடம்பு எல்லாவற்றுக்கும் இணங்குவது போல் தெரியும், அளவு மீறி இழுத்ததே தெரியாது.

இப்போதைக்குக் காலை நீட்டிக் குனியும் ஆசனம் எதுவும் வேண்டாம். இழுத்து விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், இந்த இடத்து வலிக்கு அது பொருந்தாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. அதற்கு முன்னாலேயே கால் மரத்துப்போவது, வலி கீழே இறங்குவது மாதிரி ஏதாவது இருந்தால் உடனே டாக்டரைப் பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, உட்காரும்போது வலி எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா