பி.சி.டி.யை எடை பார்த்து மட்டும் வாங்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பயண ஸ்கூபா கருவிகள் கட்டுரையில் ஒரு வரி: "பயணத்துக்கான பி.சி.டி.யில் எடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது." காற்றை ஏற்றி இறக்கித் தண்ணீருக்குள் மிதப்பைச் சரிசெய்ய டைவர் அணியும் சட்டைதான் பி.சி.டி. இந்த ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கூடவே இருந்த அட்டவணையில் எடை, நிறம், பாக்கெட் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. தூக்குதிறன், அதாவது காற்று நிரம்பிய சட்டை எத்தனை கிலோவை மிதக்க வைக்கும் என்ற கட்டம் மட்டும் இல்லை. லாரி வாங்க வந்தவரிடம் அதன் எடையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைச் சொல்லாமல் அனுப்புவது சரியா?

தாங்கள் அறியாததல்ல. 80 கன அடி அலுமினிய சிலிண்டரில் நிரப்பும் காற்றே ஏறத்தாழ 2.7 கிலோ எடை இருக்கும். டைவ் தொடங்கும்போது அந்தக் காற்றின் பாரத்தையும் பி.சி.டி.தான் தாங்க வேண்டும். ஆழம் போகப் போக, குளிருக்கு அணியும் ரப்பர் உடையான வெட்சூட் நசுங்கி அதன் மிதப்பு குறைகிறது. 5 மி.மீ. சூட் மேற்பரப்பில் 4 கிலோ மிதப்புத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டரில் அதில் 3 கிலோ வரை போய்விடும். இரண்டையும் கூட்டினால் ஆறு கிலோவை நெருங்குகிறது. இது தண்ணீருக்குள் உள்ள கணக்கு. மேற்பரப்பில் இன்னொரு கணக்கு இருக்கிறது: மூழ்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டிகளை பி.சி.டி. பாக்கெட்டிலேயே வைப்பவர், படகில் ஏறுவதற்கு முன் அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டால், ஈயம், சிலிண்டர், மூச்சுக்குக் காற்றுத் தரும் ரெகுலேட்டர் எல்லாவற்றோடும் அது தானே மிதக்க வேண்டும். 3 மி.மீ. சூட்டுடன் வெதுவெதுப்பான கடலில் இறங்குபவருக்கு 10 முதல் 12 கிலோ தூக்குதிறன் போதும். அதே பி.சி.டி.யை 7 மி.மீ. சூட்டும் 12 கிலோ ஈயமுமாகக் குளிர்ந்த கடலுக்குக் கொண்டுபோனால் போதாது. காலியானாலும் மூழ்கும் எஃகு சிலிண்டர் என்றால் கணக்கை மறுபடி போட வேண்டும். தயாரிப்பாளர் தாளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எடை எந்த அளவு சட்டைக்குச் சொல்லப்பட்டது, தூக்குதிறன் எந்த அளவுக்கு? உடம்பைச் சுற்றிக் காற்று நிரம்பும் ஜாக்கெட் வகையில் சிறிய அளவின் தூக்குதிறன் பெரியதை விடக் குறைவு. ஈயப் பாக்கெட்டுகளைச் சேர்க்காமல் எடை சொல்வதும் உண்டு.

எடையை எங்கே குறைக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் "குறைவே நல்லது" என்று எப்படி எழுத முடியும்? முதுகுப் பஞ்சைக் குறைப்பது உண்மையிலேயே நல்லது. பஞ்சுக்குள் சிக்கும் காற்று மிதக்கும். அதை அமுக்க ஒன்றிரண்டு கிலோ ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பஞ்சு இல்லாவிட்டால் அந்த ஈயமும் வேண்டாம், சட்டையும் சீக்கிரம் காயும். கட்டுரையாளர் இதையாவது எழுதியிருக்கலாம். கடினத் தட்டை எடுத்துவிட்டு மடிக்கக்கூடிய துணி முதுகு வைப்பதும் சரிதான். ஆனால் அதில் சிலிண்டர் அதிகம் ஆடும். துணியை மெலிதாக்கினால் பையில் இடம் மிச்சம். பாறையிலும் படகின் இரும்பு விளிம்பிலும் உரசி முதலில் கிழிவதும் அதுதான். கருவிகளை மாட்டும் உலோக டி-வளையத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வைப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிலிண்டரைச் சட்டையோடு கட்டும் பட்டை இரண்டுக்குப் பதில் ஒன்றானால் கட்டும் விதத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இந்தப் பட்டை விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வருத்தம் எனக்குண்டு. முந்தைய ஒரு இதழின் அட்டைப்படத்தில் பட்டை தொளதொளவென்று தொங்கியதை எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. நைலான் பட்டை நனைந்தால் நீளும். உலர்ந்த பட்டையை இறுக்கிப் பூட்டிவிட்டுத் தண்ணீரில் குதித்தால், சில நிமிடங்களில் சிலிண்டர் கீழே வழுகும். சிலிண்டர் வாயில் மாட்டிய முதல் நிலை ரெகுலேட்டரும் அதோடு இறங்கும். முதலில் பட்டையை நன்றாக நனைக்க வேண்டும். பக்கிளில் காட்டிய வரிசைப்படி கோத்து இறுக்கிப் பூட்ட வேண்டும். பிறகு பி.சி.டி.யின் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி இரண்டு முறை உதறிப் பார்க்க வேண்டும். சிலிண்டர் ஒரு விரலளவு நகர்ந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். நீளப்போகும் நைலானைத் தோள்பட்டைப் பஞ்சோ விலையோ தடுக்காது.

"ஆக்சிஜன் சிலிண்டர்" என்று தங்கள் பத்திரிகை எழுதுவதையும் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். பொழுதுபோக்கு டைவில் அந்தச் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் அழுத்திய காற்று. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு, தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது. பி.சி.டி.யை "உயிர்காப்புச் சட்டை" என்று எழுதுவதும் அப்படித்தான். மயங்கியவரை முகம் மேலே இருக்கும்படி அது புரட்டிவிடும் என்று நம்பக் கூடாது. முதுகில் மட்டும் காற்று நிரம்பும் விங் வகையில், பயணத்துக்கு விற்கும் பல இந்த வகைதான், மேற்பரப்பில் காற்றை முட்ட முட்ட ஏற்றினால் ஆள் முகம் குப்புறச் சாய்வார். கொஞ்சம் காற்றை விட்டு, கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்தால் சரியாகும். இரண்டு கிலோ ஈயத்தைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றினாலும் உதவும்.

பழுதுபார்க்க என் மேசைக்கு வரும் பி.சி.டி.களில் நான் அதிகம் காண்பது உப்புப் படிந்த இன்ஃப்ளேட்டர், அதாவது சட்டைக்குள் காற்றை ஏற்றும் பொத்தான் கருவி. பொத்தானின் தண்டில் வெள்ளைத் துகள் போல ஒட்டியிருக்கும். அழுத்தினால் உள்ளே போகும், திரும்பி வராது. நீருக்கடியில் இப்படி நேர்ந்தால் காற்று ஏறிக்கொண்டே இருக்கும், ஆளை மேலே இழுத்துப் போகும். உடனே இன்ஃப்ளேட்டருக்கு வரும் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, டம்ப் வால்வு வழியே காற்றை வெளியேற்ற வேண்டும். வெறும் தண்ணீரில் மேலாக அலசி எடுப்பது இதைத் தடுக்காது. ஒவ்வொரு நாளும் டைவ் முடிந்ததும் இன்ஃப்ளேட்டர் வாய் வழியாக நல்ல தண்ணீர் ஊற்றி, ஊதிக் குலுக்கி, கீழ் வால்விலிருந்து வடித்துவிட வேண்டும். பொத்தானை நல்ல தண்ணீருக்குள்ளேயே பல முறை அழுத்தி விடவும். அப்புறம் பாதி காற்றோடு நிழலில் தொங்கவிட வேண்டும். திரும்பும் பயணத்தில் விமான எடைக் கட்டுப்பாட்டை மீறுவதற்கும் இப்படி உள்ளே தேங்கும் நீரே காரணம்: காய்ந்தபோது 2.2 கிலோ இருந்த சட்டை, பஞ்சிலும் காற்றுப்பையிலும் தேங்கிய நீரோடு வேறு எடை காட்டும். கட்டுரையாளர் எடையைப் பற்றி மட்டுமே பேசினாரே, இந்த எடையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஈயம் சரியா என்பதையும் தண்ணீரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, பி.சி.டி.யைக் காலி செய்து, சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் கண் மட்டத்தில் நீர்ப்பரப்பு நிற்க வேண்டும். புதிய பி.சி.டி. வாங்கியவர் பழைய ஈயத்தையே கட்டினால், பஞ்சு இல்லாத சட்டையில் அது அதிகமாகும். அதைச் சமாளிக்கச் சட்டைக்குள் தேவையற்ற காற்று ஏறும்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த அட்டவணையைத் தூக்குதிறன் கட்டத்தோடு மறுபடி வெளியிடுங்கள். முடிந்தால் அந்த வரியைத் திருத்தி, "எந்த சூட், எத்தனை கிலோ ஈயம், எந்த சிலிண்டர் என்று முதலில் பாருங்கள்" என்று போடுங்கள். ஆக்சிஜன் என்ற சொல்லை எடுப்பதற்கும் அந்தப் பக்கத்தில் இடம் கிடைத்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஸ்கூபா கருவிகள் பழுதுபார்க்கும் தங்கள் நீண்டநாள் வாசகன்